முடி இழையளவு நீட்சி: சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்டட்களின் அறிவியல்

தூத்துக்குடி அருகே புதியம்புத்தூரில் தீபாவளிக்கான ஆயத்த ஆடைகள் மூட்டை மூட்டையாக வெளியூர் கிளம்பும் நாட்களும், கரிசல் காட்டில் வடகிழக்குப் பருவமழை இறங்கும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றுதான். வண்டி அதிக எடை சுமக்கும் வேளையில்தான் பாதையும் சேறாகிக் கிடக்கும். அந்த எடையோடும் அந்தச் சேற்றோடும் உருளும் ஒரு சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பவை நான்கு அல்லது ஐந்து எஃகுத் தண்டுகள். பட்டறையில் அவற்றை ஸ்டட் என்கிறார்கள். சக்கரம் பொருந்தும் சுழல் மையமான ஹப்பில் அழுத்திப் பொருத்தப்பட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இந்த மரைத் தண்டுகளில் சக்கரத்தைக் கோத்து, மேலே நட்டு போட்டு முறுக்குகிறோம். அதோடு நம் கவனம் முடிந்துவிடுகிறது.

அலாய் வீல், அகல டயர், சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் ஆகியவை இப்போது சிற்றூர்ப் பட்டறைகள் வரை வந்துவிட்டன. அவற்றோடு நீள ஸ்டட்களும் வருகின்றன. பின் ஹப்பில் இருக்கும் குட்டை ஸ்டட்டைக் கழற்றிவிட்டு நீளமானதை மாட்டுவது அரை நாள் வேலை. ஆனால் அந்த அரை நாளில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் உயிர் சம்பந்தப்பட்டது. காரணம், சக்கரத்தை உண்மையில் பிடித்து வைத்திருப்பது ஒரு தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நீட்சி.

ஸ்டட் வேலை செய்வது எப்படி?

சக்கரம் ஸ்டட்களின் மேல் தொங்குகிறது என்றும், வண்டியின் எடையை அந்தத் தண்டுகள் தாங்குகின்றன என்றும் பலர் நினைக்கிறார்கள். நட்டை முறுக்கும்போது நடப்பது வேறு. நட்டு சக்கரத்தில் மோதி நின்ற பிறகும் முறுக்கினால், அது மேலே நகர வழியில்லாமல் ஸ்டட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. ஸ்டட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட எஃகு பழைய அளவுக்குத் திரும்பத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கும் விசை. நீட்சிக்கு ஏற்ப எதிர்விசை வளரும் என்று 1678இல் ராபர்ட் ஹூக் எழுதிய விதியின்படியே ஒவ்வொரு சக்கர நட்டும் இன்றுவரை வேலை செய்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் கொண்ட ஸ்டட் நம் ஊர்க் கார்களில் பரவலாக உள்ளது. அதை 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் இறுக்கினால், உலர்ந்த மரையில் ஏறத்தாழ 42,000 நியூட்டன் இழுவிசை கிடைக்கும். அதாவது ஒரு ஸ்டட்டுக்கு 4 டன்னுக்கு மேல். நான்கு ஸ்டட்டும் சேர்ந்து சுமார் 17 டன் எடை வைத்தது போலச் சக்கரத்தை ஹப்போடு அழுத்துகின்றன. இவ்வளவு விசையைத் தரும் நீட்சி எவ்வளவு? ஸ்டட்டின் இழுபடும் பகுதி 30 மி.மீ. என்று கொண்டால், நீட்சி 0.07 மி.மீ. மட்டுமே. மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமனும் ஏறக்குறைய அதுதான்.

இந்த அழுத்தம் இருக்கும்வரை ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள உராய்வுதான் எல்லாச் சுமையையும் கடத்துகிறது. உராய்வுக் கெழு 0.15 என்றால், 17 டன் அழுத்தம் சுமார் 2.5 டன் வழுக்குதலைத் தாங்கும். பின் சக்கரம் ஒன்றில் 250 கிலோ எடை இருப்பதாகவும், முழுப் பிரேக் போடும்போது டயர் சாலையைப் பிடித்து அதே 250 கிலோ அளவுக்கு எதிர்விசை தருவதாகவும் வையுங்கள். டயரின் ஆரம் 30 செ.மீ. ஸ்டட்கள் அமைந்த வட்டத்தின் ஆரம் 5 செ.மீ. ஆகவே ஸ்டட் வட்டத்தில் அந்த விசை ஆறு மடங்காகி 1.5 டன் ஆகிறது. 2.5 டன் தாங்கும் இடத்தில் 1.5 டன் வருவது பாதுகாப்பானதே. அழுத்தம் பாதியாகக் குறைந்தாலோ தாங்கும் அளவு 1.25 டன்னுக்கு இறங்கிவிடும். அப்போது ஒவ்வொரு அவசரப் பிரேக்கிலும் சக்கரம் ஹப்பின் மேல் இம்மியளவு வழுக்கும்.

அந்த வழுக்கல்தான் அழிவின் தொடக்கம். 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதைச் சோதனை மூலம் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, அதற்குக் குறுக்கே வரும் அசைவே நட்டைத் தானாகச் சுழற்றிக் கழற்றுகிறது என்பது அவர் கண்டது. அவர் பெயரிலான சோதனைப் பொறியில்தான் கழலாத நட்டு என்று விற்கப்படுபவை இன்றும் சோதிக்கப்படுகின்றன. நட்டு கழன்றதால் சக்கரம் ஆடியது என்று நாம் சொல்வோம். பெரும்பாலும் வரிசை நேர் எதிரானது: முதலில் அழுத்தம் குறைகிறது, பிறகு சக்கரம் வழுக்குகிறது, அதன் பின்னரே நட்டு கழல்கிறது.

நாம் சாலையின் இடப்புறம் ஓட்டுகிறோம், எனவே இடது சக்கர நட்டுதான் கழலும் என்றும் ஒரு பேச்சு உண்டு. முன்னோக்கி ஓடும்போது இடது சக்கரம், வெளியிலிருந்து பார்த்தால், நட்டைக் கழற்றும் திசையிலேயே சுழல்கிறது. இதற்கு அஞ்சியே அமெரிக்காவின் கிரைஸ்லர் போன்ற நிறுவனங்கள் ஒரு காலத்தில் இடது சக்கரங்களுக்கு எதிர்மரை ஸ்டட் வைத்தன. அழுத்தம் சரியாக இருந்தால் வழுக்கலே கிடையாது, வழுக்கல் இல்லாவிட்டால் சுழலும் திசையால் எந்த மாற்றமும் இல்லை. அதனால் இன்றைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே மரைதான்.

நீள ஸ்டட் எதற்கு?

இரும்புச் சக்கரத்தில் நட்டு உட்காரும் தகடு சில மி.மீ. தடிமன்தான். அலாய் வீலில் அதே இடம் அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடித்திருக்கும். இரும்புச் சக்கரத்துக்காக நிறுவனம் வைத்த ஸ்டட்டில் தடித்த அலாய் வீலை மாட்டினால் நட்டுக்குப் போதிய மரை கிடைக்காமல் போகலாம். நடுவே ஸ்பேசரும் வைத்தால், அதன் தடிமன் அளவுக்கு மரை மேலும் குறையும்.

எவ்வளவு மரை பிடித்தால் போதும்? எஃகு நட்டுக்குப் பொதுவான விதி, ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு. 12 மி.மீ. ஸ்டட் என்றால் 12 மி.மீ. ஆழம், அதாவது 1.5 மரைக்கு 8 முழுச் சுற்று. 1.25 மரையானால் 10 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. கையால் நட்டைத் திருகி, அது சக்கரத்தைத் தொடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணினால் யாரும் இதைச் சரிபார்த்துவிடலாம். அதற்கு மேல் மரை பிடித்தால் வலிமை பெரிதாகக் கூடுவதில்லை. நட்டின் அடியில் உள்ள முதல் மரையே மொத்தச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது, அடுத்தடுத்தவை குறைந்துகொண்டே போகின்றன. ஆனால் 8 சுற்றுக்கு 5 சுற்றுதான் பிடித்திருக்கிறது என்றால் மரை உரிந்துபோகும் ஆபத்து நிஜம்.

மோட்டார் பந்தயத்தில் நீள ஸ்டட் நெடுங்காலப் பழக்கம். நேர்கோட்டில் பாயும் அமெரிக்க டிராக் பந்தயத்தில், நட்டுக்குள் மரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பரிசோதகர் கண்ணால் பார்க்கும்படி முனை திறந்த நட்டு போடச் சொல்கிறார்கள். நாஸ்கார் பந்தயத்தில் ஸ்டட்டின் முனையில் மரையில்லாத மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், நட்டு கோணாமல் சட்டென்று ஏறுவதற்காக. அதன் முதன்மைத் தொடரான கப் பந்தயத்தில் 2022இல் ஐந்து நட்டு முறை கைவிடப்பட்டு நடுவில் ஒற்றை நட்டு வந்தது. பந்தயக்காரர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பவர்கள். நம் வண்டியில் அடுத்த பஞ்சர் வரும்வரை அந்த நட்டை யாரும் தொடப் போவதில்லை. அவர்கள் பொருளை வாங்கும்போது அவர்கள் கவனத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீளம் தரும் நன்மை, ஸ்பேசர் தரும் சுமை

நீள ஸ்டட் உடையும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. உண்மையில் நல்ல எஃகில் செய்த நீள ஸ்டட் ஒரு வகையில் மேலானது. இழுபடும் பகுதி 30 மி.மீட்டரிலிருந்து 50 ஆனால், அதே 42,000 நியூட்டன் விசைக்கு நீட்சி 0.07இலிருந்து 0.11 மி.மீட்டருக்கு மேல் போகிறது. இரண்டு உலோகப் பரப்புகள் அழுந்தும்போது அவற்றின் நுண்ணிய மேடுகள் நசுங்கி, இணைப்பு கொஞ்சம் உட்காரும். 0.01 மி.மீ. உட்கார்ந்ததாக வைத்தால், குட்டை ஸ்டட் தன் விசையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டை இழக்கும், நீளமானது 9 விழுக்காட்டைத்தான் இழக்கும். பாலங்களிலும் எஞ்சின்களிலும் பொறியாளர்கள் நீளமான, மெலிந்த போல்ட்களை விரும்புவதன் காரணம் இதுவே.

ஆனால் ஸ்பேசர் நடுவே வந்ததும் உட்காரும் பரப்புகளின் எண்ணிக்கை கூடுகிறது. நீளம் தந்த நன்மையில் ஒரு பங்கை ஸ்பேசர் திருப்பி எடுத்துக்கொள்கிறது. அது தட்டையாக இல்லாவிட்டால், வார்ப்பு தரக்குறைவாக இருந்தால், ஓரத்தில் பிசிறு இருந்தால், நன்மை முழுதும் போய்விடும்.

பேரிங்கின் நிலையும் மாறுகிறது. 20 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சாலை தரும் எதிர்விசை பேரிங்கிலிருந்து 20 மி.மீ. கூடுதலாக விலகுகிறது. நேராக ஓடும்போது இது சிறிய வேறுபாடுதான். மூட்டை ஏற்றிய வண்டி குழியில் இறங்கும்போது பேரிங்கைக் கோணவைக்கும் விசை கூடுகிறது. பந்து பேரிங்கின் ஆயுள், சுமையின் மூன்றாம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் குறையும் என்பது பொறியியல் பாடம். பேரிங்குக்கு வரும் சுமை 10 விழுக்காடு கூடினால் ஆயுளில் கால்வாசி போய்விடும். பின்பக்கத்திலிருந்து மெல்லிய உறுமல் கேட்கத் தொடங்கினால் அதன் பொருள் இதுவாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பல ஹப்களின் நடுவில் சில மி.மீ. உயர விளிம்பு இருக்கும். சக்கரத்தின் மையத் துளை அதில் பொருந்தி உட்காரும். தடித்த ஸ்பேசர் அந்த விளிம்பை மூடிவிடும். தனக்கென அதே விட்டத்தில் விளிம்பு கடைந்த ஸ்பேசர் இல்லாவிட்டால் சக்கரம் மையத்தில் நிற்காது. ஓட்டும்போது நடுக்கம் வரும், அந்த நடுக்கம் குறுக்கசைவாக ஸ்டட்டுக்கே போய்ச் சேரும்.

எந்த ஸ்டட்டை வாங்குவது?

போல்ட்டின் தலையில் 10.9 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண் இழுவலிமையைச் சொல்கிறது: 10 என்றால் ஒரு சதுர மி.மீட்டருக்குச் சுமார் 1,000 நியூட்டன். அதில் 90 விழுக்காடு வரை இழுத்தாலும் திரும்பும் என்பது .9இன் பொருள். 12 மி.மீ., 1.5 மரை ஸ்டட்டின் பயனுள்ள குறுக்குப் பரப்பு 88 சதுர மி.மீ. இந்தத் தரத்துக்கு உறுதியளிக்கப்பட்ட தாங்குசுமை சுமார் 73,000 நியூட்டன். நமக்குத் தேவை 42,000. போதிய இடைவெளி இருக்கிறது.

சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பியில் லேத்தில் கடைந்த ஸ்டட்டையும் இதே கணக்கில் பாருங்கள். அந்த எஃகு ஒரு சதுர மி.மீட்டருக்கு 250 நியூட்டன் அளவிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும். 88 சதுர மி.மீட்டருக்கு 22,000 நியூட்டன். தேவையான விசையில் பாதிதான். முறுக்க முறுக்க இறுகுவது போலத் தோன்றும். உண்மையில் எஃகு இழுபட்டு இழுபட்டுச் செத்துக்கொண்டிருக்கும். கடைந்தவரின் கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் உலோகத்தின் எல்லையை அது மாற்றாது.

செய்முறையும் முக்கியம். 1966இல் சென்னை பாடியில் உற்பத்தி தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் போன்ற ஆலைகளில், சூடாக்காத கம்பியை அச்சில் இடித்துத் தலை எழுப்புகிறார்கள். மரையை வெட்டுவதில்லை. இரண்டு அச்சுகளுக்கு நடுவே உருட்டி அழுத்தியே மரை எழுப்புகிறார்கள். இதனால் எஃகின் உள்ளிழைகள் அறுபடாமல் மரையின் வளைவோடு வளைந்து போகும். மரையின் பள்ளத்தில் ஓர் அமுக்கத் தகைவும் தங்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் அகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளில் கண்ட உலோகச் சோர்வு, மீண்டும் மீண்டும் வரும் சிறு சுமைகளால் விரிசலாக வளர்வது. அந்த விரிசல் பிறக்கும் இடம் மரையின் பள்ளம்தான். உருட்டிய மரை அதைத் தடுக்கிறது, வெட்டிய மரை அதற்கு வாசல் திறக்கிறது.

அடுத்தது மரை இடைவெளி. ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களில் 1.5 மி.மீ. மாருதி சுசுகியில் 1.25 மி.மீ. இரண்டும் 12 மி.மீ. விட்டம்தான், கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். அங்கேயே நிறுத்திக் கழற்றிவிட வேண்டும். ஏர் கன் வைத்து ஏற்றினால் மரை இரண்டுமே அழியும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் ஸ்டட்டே கிடையாது. சக்கரத்தின் வழியே ஹப்புக்குள் போல்ட்டைத் திருகுவது அவற்றின் முறை.

ஸ்டட்டின் கழுத்தில் நீளவாக்கில் பற்கள் போன்ற வரிகள் இருக்கும். ஹப்பின் துளையில் அழுந்திக் கடித்து, ஸ்டட் சுழலாமல் பிடிப்பவை அவை. அந்தக் கழுத்தின் விட்டம் ஹப்பின் துளைக்குச் சரியாக இருக்க வேண்டும். கால் மி.மீ. குறைந்தாலும் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுழலும். கூடினால் ஹப்பில் விரிசல் விழும். நீளம் மட்டும் சொல்லி வாங்கினால் போதாது. விட்டம், மரை, கழுத்தின் விட்டம், கழுத்தின் நீளம், மொத்த நீளம் என ஐந்தையும் வெர்னியரில் அளந்து வாங்க வேண்டும்.

துருப்பிடித்த ஸ்டட்டை அமிலத்தில் ஊறவைத்துப் பளபளப்பாக முலாம் பூசிப் பயன்படுத்துவதும் ஆபத்து. அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் பிறக்கும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். மாட்டும்போது நன்றாக இருக்கும். சில மணி நேரமோ சில நாளோ கழித்துச் சத்தமில்லாமல் ஒடியும்.

பின் ஹப்பில் மாட்டும் முறை

பெரும்பாலான சிறிய கார்களில் பின் பிரேக் டிரம் வகை. டிரம்மைக் கழற்ற ஹேண்ட்பிரேக்கை விடுவிக்க வேண்டும். ஆகவே முதல் வேலை, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைப்பது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்டு. மழையில் நனைந்த கரிசல் தரையில் ஜாக்கி கோணிவிடும். அந்தத் தரையில் இந்த வேலையையே தொடங்கக் கூடாது.

சில கார்களில் டிரம் தனி, ஹப் தனி. டிரம்மை இழுத்தால் வந்துவிடும். துருவால் ஒட்டிக்கொண்டிருந்தால், டிரம்மிலேயே உள்ள இரண்டு மரைத் துளைகளில் போல்ட் திருகினால் அது தானே தள்ளிக்கொண்டு வரும். வேறு சில சிறிய கார்களில் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு. பேரிங்கும் அதற்குள்ளேயே இருக்கும். அங்கே நடு நட்டைக் கழற்றி முழுவதையும் எடுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது நடு நட்டு புதிதாக இருக்கட்டும், நிறுவனம் சொன்ன முறுக்கு விசையில் இறுக்கிப் பூட்டப்படட்டும்.

பழைய ஸ்டட்டைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றுவது வழக்கமாகிவிட்டது. ஹப் வண்டியிலேயே இருக்கும்போது அடித்தால் ஒவ்வொரு அடியும் பேரிங்குக்குள் போகிறது. உருளைகள் ஓடும் வழவழப்பான பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுகின்றன. சில மாதம் கழித்துப் பேரிங் சத்தம் போடும்போது யாருக்கும் அந்தச் சுத்தியல் நினைவிருக்காது. ஹப்பைக் கழற்றி ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்துவதே சரியான வழி. புது ஸ்டட்டையும் அதே பிரஸ்ஸில், பற்கள் நேராக இறங்கும்படி, தலை ஹப்பின் பின்புறத்தில் இடைவெளியில்லாமல் உட்காரும்வரை அழுத்த வேண்டும். தலை சற்றே தூக்கி நின்றாலும், ஓடும்போது அது இழுபட்டு நகர்ந்து உட்காரும். உட்கார்ந்த கணமே 0.07 மி.மீ. நீட்சி காணாமல் போய்விடும்.

நட்டுக்கு அடியில் வாஷர்களை அடுக்கி, முறுக்கி முறுக்கி ஸ்டட்டை உள்ளே இழுக்கும் முறையும் உண்டு. பிரஸ் இல்லாத இடத்தில் இது நடக்கிறது. இதில் ஸ்டட் தேவைக்கு மேல் இழுபட வாய்ப்பிருக்கிறது. அப்படிச் செய்வதானால் மரைக்கு எண்ணெய் இட்டு, அதற்கென்றே ஒதுக்கிய நட்டைப் பயன்படுத்தி, அந்த நட்டைச் சக்கரத்துக்குப் போடாமல் தூக்கி எறிந்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் மரையிலுள்ள எண்ணெயையும் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு டிரம்மை மாட்டிக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஸ்டட்டின் தலை பிரேக் ஷூவிலோ பின் தகட்டிலோ உரசக் கூடாது.

முறுக்கு விசை: ஊகத்துக்கு இடமில்லை

நட்டை முறுக்க நாம் செலவிடும் உழைப்பில் ஏறத்தாழ 10 விழுக்காடுதான் ஸ்டட்டை நீட்டுகிறது. மீதி 90 விழுக்காடும் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகப் போகிறது. ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினாலும் நீட்சி பெரிதாக மாறும். உலர்ந்த மரையில் 42,000 நியூட்டன் தந்த அதே 100 நியூட்டன் மீட்டர், எண்ணெய் தடவிய மரையில் 55,000க்கு மேல் தரலாம். அடுத்த முறை எளிதாகக் கழலட்டும் என்று கிரீஸ் தடவும் பழக்கம் ஸ்டட்டை அதன் எல்லைக்கு அருகே தள்ளுகிறது. கையேட்டில் சொல்லாத வரை சக்கர நட்டு உலர்ந்தே இருக்கட்டும்.

ஸ்பேனரில் ஏறி மிதிப்பதையும் கணக்கிடலாம். 60 கிலோ எடையுள்ளவர் 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் நின்றால் 176 நியூட்டன் மீட்டர். ஸ்டட்டில் பிறக்கும் விசை சுமார் 73,000 நியூட்டன், அதாவது 10.9 தரத்தின் தாங்குசுமையையே தொட்டுவிடுகிறது. ஸ்பேனரில் பைப் கோத்து நீட்டினால் எல்லை தாண்டும். ஒருமுறை எல்லை தாண்டி நீண்ட ஸ்டட் பழைய அளவுக்குத் திரும்பாது.

இந்த உராய்வுச் சிக்கலுக்கு வேறொரு தீர்வும் உண்டு. காற்றாலைகளின் பெரிய போல்ட்களை இறுக்கும் கருவிகளில் ஒரு வகை, போல்ட்டை ஹைட்ராலிக் அழுத்தத்தால் நேராகப் பிடித்து இழுத்து நீட்டுகிறது. நீண்ட நிலையிலேயே நட்டைக் கையளவு இறுக்கத்தில் இறக்கிவிட்டு அழுத்தத்தை விடுவிக்கிறது. முறுக்கே இல்லாததால் உராய்வு குழப்புவதில்லை. கயத்தாறு பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளின் கோபுரமும் இறக்கையும் ஆயிரக்கணக்கான மணி நேரக் காற்றில் ஒன்றாக நிற்பது இந்த நீட்சியை நம்பித்தான். கார்ச் சக்கரத்துக்கு அவ்வளவு தேவையில்லை. முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஒரு டார்க் ரெஞ்ச் போதும்.

கார்களுக்குச் சொல்லப்படும் அளவு பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காரின் சரியான எண் கையேட்டில் உள்ளது. எதிரெதிர் நட்டாக, முதலில் பாதி விசை, வண்டியைத் தரையில் இறக்கிய பின் முழு விசை. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். புதிய பரப்புகள் உட்காரும் காலம் அதுதான்.

கரிசல் சேறும் உப்புக் காற்றும்

கரிசல் மண்ணில் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் நிறைந்திருக்கிறது. தண்ணீர் பட்டால் அதன் அடுக்குகள் விரிந்து மண் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பருத்தி விளையும் இந்த மண்ணின் ஈரம் காக்கும் குணமும், சாலையை அலையலையாகத் தூக்கிப் போடும் குணமும் ஒன்றேதான்.

ஒட்டப்பிடாரம் சாலையிலோ எட்டயபுரம் போகும் வழியிலோ மழை நாளில் பஞ்சர் ஆகிறது. சக்கரத்தைக் கழற்றி ஓரத்தில் சாய்த்து வைக்கிறோம். அதன் உள்முகத்தில் சேறு ஒட்டுகிறது. அப்படியே மாட்டி இறுக்கிவிட்டுக் கிளம்புகிறோம். நடுவே மாட்டிய சேற்றுப் படலம் 0.1 மி.மீ. இருந்தாலே அது ஸ்டட்டின் மொத்த நீட்சியைவிட அதிகம். டிரம்மின் சூட்டில் சேறு காய்ந்து சுருங்கி உதிரும்போது, அந்த நீட்சி முழுவதும் போய்விடலாம். நட்டு ஒரு சுற்றும் சுழலாத நிலையிலேயே சக்கரம் தளர்ந்துவிடும். ஹப்பின் முகத்தில் பூசிய தடித்த பெயிண்டும், அடுக்காய்ப் படிந்த துருவும் செய்வது இதையேதான்.

தூத்துக்குடியின் உப்பளக் காற்று இதை இன்னும் மோசமாக்குகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், துரு வேகமாக வளரும். அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் அரிப்பு இன்னும் கூடும். அலாய் வீல் மாட்டிய வண்டிகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது சக்கரத்தைக் கழற்றி, இரு முகங்களையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, வெறும் உலோகம் தெரியும்வரை துடைத்து மாட்டுவது இந்த வட்டாரத்துக்கு அவசியமான பழக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. தேய்ந்த ஸ்டட்டை அதே தரத்தில் புதிதாக மாற்றுவது பழுதுபார்ப்பு. சக்கரத்தை வெளியே தள்ளி, வண்டியின் அகலத்தையே மாற்றுவது வேறு விஷயம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கக் கூடிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

என் முடிவு இதுதான். அலாய் வீலின் தடிமனுக்காக மரை போதவில்லை என்றால் 10.9 தரத்தில் நல்ல நிறுவனத்தின் நீள ஸ்டட்டைப் போடுங்கள், அது வண்டியைப் பாதுகாக்கும். அழகுக்காக மட்டும் தடித்த ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளாதீர்கள், சுமை ஏற்றும் வண்டியில் ஒருபோதும் வேண்டாம். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் இறுக்கியதும் கிளம்பிவிடாமல், கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்ச்சில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கருவி இல்லாத கடைக்காரரிடம் அதை வாங்கும்படி சொல்லுங்கள், நாலு பேர் கேட்டால் அவர் வாங்குவார். சக்கரத்தை மாட்டும் முன் ஹப்பின் முகத்தை ஒரு துணியால் துடையுங்கள். நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் உங்கள் பின் சக்கர நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.